குடகுத் துப்பாக்கியும் விரல் நீளக் குழாயும்

தோளில் புது நட்சத்திரங்களோடு ஸ்டேஷனுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் முதல் தேர்தலைச் சோதனைச் சாவடியில்தான் பார்க்கப்போகிறீர்கள். வெயிலில் நின்று கார் டிக்கியைத் திறக்கச் சொல்ல ஒரு பயிற்சியும் தேவையில்லை. திறந்த டிக்கிக்குள் ஏதாவது கிடக்கும்போதுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

நான் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெறும்வரை, நான் போட்ட ஒரு துப்பாக்கி வழக்கும் கோர்ட்டில் தள்ளுபடி ஆனதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமையில் பாதி, நான் போடாமல் விட்ட வழக்குகளுக்குச் சேரும். அப்படிப் போடாமல் விட்ட ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஓய்வுக்கு முந்தைய தேர்தல் அது. சென்னையிலிருந்து போகும் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால் எங்கள் சாவடி. தேர்தல் பறக்கும் படைக்குத் தலைமை ஒரு துணை வட்டாட்சியர். கூட ஒரு வீடியோகிராபர், என் ஸ்டேஷன் ஏட்டு தேவராஜ், இரண்டு காவலர்கள். நான் அன்று மதியம் சும்மா மேற்பார்வைக்குப் போயிருந்தேன். வார இறுதி. கடற்கரைக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்றன.

கர்நாடகப் பதிவெண் போட்ட கார் ஒன்று வந்தது. ஓட்டியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெட்டையான மனிதர், வெள்ளை மீசை, இஸ்திரி கலையாத சட்டை. பக்கத்தில் முப்பது வயதுப் பெண், அழுது வீங்கிய முகம். தேவராஜ் டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெரியவர் இறங்கி வந்து தானே திறந்துவிட்டு, "உள்ள கன் இருக்கு. பாத்து எடுங்க. லோடு பண்ணல" என்றார்.

மறைக்கிறவன் அப்படிப் பேசமாட்டான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. கான்வாஸ் உறைக்குள் பன்னிரண்டு போர் அளவுள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஒரு பெட்டியில் கொஞ்சம் தோட்டாக்கள். சின்னத் தோல் பையில் துடைக்கும் துணி, எண்ணெய்ப் புட்டி, பிறகு விரல் நீளத்தில் ஒரு எஃகுக் குழாய். அதன் ஒரு முனையில் திருகு மரை.

தேவராஜ் அதைத் தூக்கிப் பிடித்து, "மேடம், இத்தப் பாருங்க. சைலன்சர் கீது!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டார்.

தேவராஜ் நல்ல ஏட்டு. எத்தனையோ இரவுகள் அவரை நம்பி நான் தூங்கப் போயிருக்கிறேன். ஆனால் அன்று அவர் கத்திய அந்த ஒரு வார்த்தை வரிசையில் நின்ற கார்கள்வரை கேட்டது. பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் செல்போனை நீட்டி வீடியோ எடுத்தார். நாங்கள் பெரியவரின் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள், "ஈசிஆரில் சைலன்சருடன் துப்பாக்கி, இருவர் சிக்கினர்" என்று அந்த வீடியோ ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பெரியவர் பெயர் பெள்ளியப்பா. குடகில் காப்பித் தோட்டம். கூட இருந்தவர் அவருடைய அண்ணன் மகள் காவேரி. டெல்லியில் வேலை. அன்று காலைதான் சென்னையில் விமானத்தில் இறங்கி, இரவெல்லாம் கார் ஓட்டி வந்த சித்தப்பாவோடு வந்திருக்கிறார். அந்த அண்ணன், காவேரியின் அப்பா, ராணுவத்தில் இருந்தவர். அதன் பிறகு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு, மாமல்லபுரத்துக்கு அருகே கடலோரம் வீடு கட்டிக் குடியிருந்தார். முந்தின இரவு இறந்துவிட்டார். இவர்கள் வந்து சேர்ந்தபிறகு, பொழுது சாய்வதற்குள் எடுப்பதாக ஏற்பாடு.

"சாவு வீட்டுக்குத் துப்பாக்கி எதுக்கு சார்?" என்றேன்.

"எங்க வழக்கம் மேடம். வீட்டுல ஒருத்தர் போயிட்டா வாசல்ல நின்னு ரெண்டு குண்டு போடணும். அடுத்தடுத்து ரெண்டு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் சுத்துப்பட்டுல இருக்கறவங்களுக்கு இங்க சாவுன்னு தெரியும். தம்பி நான் இருக்கேன், நான்தான போடணும்."

அவர் தோட்டத்தில் தமிழ்க் கூலியாட்கள் நிறைய. அதனால் தமிழ் நன்றாகவே வந்தது.

"லைசென்ஸ் எங்கே?" என்றார் துணை வட்டாட்சியர்.

"எங்களுக்கு லைசென்ஸ் கெடையாது. வேணாம்" என்று சொல்லி, பர்ஸிலிருந்து லேமினேட் செய்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். முழுக்கக் கன்னடம். துணை வட்டாட்சியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். "இது ரேஷன் கார்டா இருந்தாலும் நமக்குத் தெரியாது மேடம். லைசென்ஸ் இல்லேன்னு அவரே ஒத்துக்கறாரு. சைலன்சர் வேற. கேஸ் போட்டுடலாம்" என்றார். அவரையும் குற்றம் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்தில் துப்பாக்கி என்றால் லைசென்ஸ், லைசென்ஸ் இல்லையென்றால் வழக்கு. அவ்வளவுதான் அவர் பார்த்தது.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அதன் கீழ் வாங்கும் உரிமம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி நடக்காது. ஒரு மாநிலத்தில் கொடுத்த உரிமம் பெரும்பாலும் அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். இந்தியா முழுவதற்கும் செல்லும்படி நீட்டித்து வாங்கியிருந்தால்தான் எல்லையைத் தாண்டலாம். இதற்கு நடுவில், குறிப்பிட்ட சிலருக்கு உரிமமே வேண்டாம் என்ற விலக்கும் உண்டு. குடகு மக்களுக்கு அப்படி ஒரு விலக்கு இருப்பதாக நான் எங்கோ படித்திருந்தேன். அது அவர்கள் மாவட்டத்துக்குள் மட்டுமா, வெளியிலும் கூடவே வருமா என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியைவிட எனக்கு அதிகக் கவலை அந்தக் குழாயைப் பற்றித்தான். நம் சட்டத்தில் சத்தத்தைக் குறைக்கும் துணைக் கருவியும் துப்பாக்கியாகவே எண்ணப்படும். அதுவும் தடைசெய்யப்பட்ட வகையில். துப்பாக்கிக்கு விலக்கு இருந்தாலும் சைலன்சருக்கு எந்த மாநிலத்துக்காரருக்கும் விலக்கு கிடையாது. அது சைலன்சர் என்றால் பெரியவர் அன்றைக்கே சிறைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் அது வெறும் இரும்புத் துண்டு. ஒரு மனிதர் அண்ணனுக்குக் கொள்ளி வைக்கப் போவதும் ஜெயிலுக்குப் போவதும் அந்த விரல் நீளக் குழாயில் நின்றது.

போன் அடித்தது. என் மேலதிகாரி.

"என்னம்மா, சைலன்சரோட புடிச்சிருக்கீங்களாமே? பிரஸ்காரங்க கேக்கறாங்க. எஃப்ஐஆர் போட்டாச்சா?"

"சார், துப்பாக்கி இருக்கு. சைலன்சரான்னு இன்னும் தெரியல."

"டிவில ஓடுதும்மா."

"ஓடட்டும் சார். கோர்ட்டுக்கு டிவி வராது, நான்தான் போகணும். கொஞ்ச நேரம் குடுங்க, சரியான பதிலோட கூப்பிடறேன்."

அவர், "தப்பா விட்டுட்டீங்கன்னா தேர்தல் நேரத்துல உங்களை நான் காப்பாத்த முடியாது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த மாதிரி நேரத்தில் பயத்துக்கு வேலை கொடுக்காதீர்கள். கைக்கு வேலை கொடுங்கள்.

முதலில் பெரியவரையும் காவேரியையும் வெயிலிலிருந்து கூட்டிப்போய் எங்கள் பந்தலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பிறகு வீடியோகிராபரைக் கூப்பிட்டேன். தேவராஜ் கத்தியதைப் பதிவு செய்த அதே கேமராவின் முன்னால் குழாயை நானே எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் திறந்திருந்தன. கண்ணில் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு தெரிந்தது. உள்ளே தடுப்பு இல்லை, அறை இல்லை, வழவழப்பாக இருந்தது. ஒரு முனையைவிட இன்னொன்று மயிரிழை குறுகல்.

"இது என்ன சார்?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"சோக் மேடம். குழல் வாயில திருகறது. ரவை செதறாம சேந்து போகும்."

"சத்தத்தைக் குறைக்காதா?"

அதுவரை அடங்கியிருந்த மனிதருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"சத்தத்தைக் கொறைக்கவா? நான் சத்தம் போடத்தான மேடம் இதைத் தூக்கிட்டு வர்றேன்! எங்கண்ணன் செத்தது யாருக்கும் கேக்கக்கூடாதுன்னா வருவேன்?"

தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னது என் மனதுக்குப் போதும். ஆனால் மனதை ஆதாரமாக வைத்து நாம் முடிவெடுக்கக்கூடாது. குழாயின் உள்ளும் புறமும் படம் பிடித்து, செங்கல்பட்டில் மாவட்ட ஆயுதப்படைத் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரருக்கு அனுப்பினேன். அவர் நீளத்தையும் வாயின் அகலத்தையும் அளந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். "சோக்தான் மேடம். பன்னெண்டு போருக்கு சைலன்சர்னா முழங்கை நீளம் வேணும், உள்ள அறை அறையா இருக்கணும். எழுத்துல வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன்.

அடுத்தது விலக்கு. குடகு போலீசின் எண்ணைத் தேடிப் பிடித்து, பெரியவர் ஊர்ப் பக்கத்து இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மேடம், லைசென்ஸ் இல்லேன்னு அவரைப் பிடிச்சா எங்க மாவட்டத்துல பாதிப் பேரைப் பிடிக்கணும்" என்றார். சிரிப்பு எனக்குப் போதாது, உத்தரவு வேண்டும் என்றேன். லேமினேட் காகிதத்தின் படத்தை அனுப்பினேன். அது மாவட்ட நிர்வாகம் கொடுத்த விலக்குச் சான்று, உண்மையானது, ஆளும் அவர்தான் என்று உறுதி சொன்னார். கூடவே மத்திய அரசின் அறிவிக்கையையும் அனுப்பினார்.

அதை நின்றபடியே இரண்டு முறை படித்தேன். விலக்கு அந்த மாவட்டத்தோடு நிற்கவில்லை. விலக்கு உள்ளவர் வெளியூரில் பயணம் செய்யும்போது ஒரு ரைஃபிளும் ஒரு சாதாரணக் குழல் துப்பாக்கியும், குறித்த அளவுக்குள் தோட்டாக்களும் வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருந்தது. பெரியவரிடம் இருந்தது ஒரே துப்பாக்கி, கையளவு தோட்டா. அவர் குடகிலிருந்து எங்கள் சாவடிவரை ஆயுதச் சட்டப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை.

துணை வட்டாட்சியரிடம் காட்டினேன். அவரும் நிதானமாகப் படித்தார். "அப்போ விட்டுடலாமா மேடம்?" என்றார்.

இங்கேதான் தம்பிகளே கவனிக்கவேண்டும். ஒரு பக்கம் தப்பாகச் சாய்ந்துவிட்டோம் என்று தெரிந்ததும், வெட்கத்தில் மறுபக்கம் முழுக்கச் சாய்ந்துவிடுவது நம் ஆட்களின் வழக்கம். துப்பாக்கியை வைத்திருப்பது குற்றமில்லை என்பது ஒன்று. தேர்தல் முடியும்வரை நம் மாவட்டத்தில் யாரும் ஆயுதம் எடுத்துச் செல்லக்கூடாது, இருப்பவர்கள் ஒப்படைக்கவேண்டும் என்ற தடை உத்தரவு வேறு ஒன்று. அவர் ஊர்ச் சட்டம் அவரோடு கூட வந்தது சரி. அது இங்கே வந்து நம் உத்தரவோடு நேருக்கு நேர் நின்றது. இரண்டுக்கும் மரியாதை கொடுத்தாகவேண்டும்.

பந்தலுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சார், நீங்க குற்றவாளி இல்லை. உங்க மேல வழக்கு இல்லை. ஆனா துப்பாக்கி என்கிட்ட இருக்கும். தேர்தல் முடிஞ்சதும் ரசீதைக் காட்டி வாங்கிட்டுப் போகலாம்."

காவேரி வெடித்தார். "முதல்ல சைலன்சர்னீங்க, அப்புறம் லைசென்ஸ் இல்லேன்னீங்க, இப்ப எல்லாம் சரின்னு சொல்லிட்டு அப்பவும் குடுக்கமாட்டேன்னா என்ன நியாயம் மேடம்? எங்கப்பா அங்க கெடக்கறாரு."

"நியாயம் முழுசா என் கையில இல்லம்மா. இதோட உங்களை அனுப்பினா அடுத்த சாவடியில மறுபடி நிறுத்துவாங்க. அங்க இவ்வளவு விசாரிக்காம நேரா கேஸ் போட்டுடுவாங்க. அப்பாவைப் பாக்க நீங்க போய்ச் சேரணும். எனக்கு அதுதான் முக்கியம்."

பெரியவர் மீசையைத் தடவியபடி எழுந்தார். பிறகு, "வெச்சுக்கோங்க. போலாம் காவேரி" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் முடிவில் மாற்றம் இல்லை.

மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும், "பிரஸ்ஸுக்கு மறுப்பு நான் குடுத்துடறேன்" என்றார். அத்தோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பொய்ச் செய்தி போன இடத்துக்கு மறுப்பு அதே வேகத்தில் போவதில்லை. அந்த வீடியோவில் பெரியவர் முகம் தெளிவாக இருந்தது; அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதும் அதற்குள் செய்தியோடு சேர்ந்து பரவியிருந்தது. அவர் போகிற தெருவிலும் எல்லார் கையிலும் போன் இருக்குமே என்று தோன்றியது. ஜீப்பை எடுத்துக்கொண்டு அவர் காருக்கு முன்னால் நானே போனேன்.

நினைத்தது சரிதான். வீடு மீனவர் குப்பத்தை ஒட்டினாற்போல் இருந்தது. தெருமுனையில் ஒரு கூட்டம் வழியை அடைத்து நின்றது. ஜீப்பைப் பார்த்ததும் ஒரு வாட்டசாட்டமான ஆள் முன்னால் வந்தார்.

"இன்னா மேடம், மிலிட்டரிக்காரர் வூட்டுக்கு டெரரிஸ்ட் வந்துகினு இருக்கானாமே? வீடியோ பாத்தோம். வூட்டாண்ட பொம்பளைங்க எல்லாம் பயந்துகினு கீறாங்க."

நான் ஜீப்பிலிருந்து இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். "அந்த வீடியோ பொய். சைலன்சர்னு சொன்னது போலீஸ்காரங்க நாங்க, சொன்னது தப்பு. இவர் மிலிட்டரிக்காரரோட கூடப் பொறந்த தம்பி. அண்ணனுக்குக் காரியம் பண்ண வந்திருக்காரு. வழி விடுங்க."

போலீஸ் சொன்னது தப்பு என்று ஒரு போலீஸ்காரி நடுத்தெருவில் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அந்த ஆள் காருக்குள் குனிந்து பெரியவர் முகத்தைப் பார்த்தார். "அதே மூக்கு" என்றார். பிறகு திரும்பி, "ஏய், நவுருங்கடா" என்று கத்தினார். கூட்டம் விலகியது.

இறந்தவரின் மனைவி தமிழ்ப் பெண்மணி, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கொழுந்தனைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் முதலில் சொன்னது, "துப்பாக்கி இல்ல அண்ணி. வாங்கி வெச்சுக்கிட்டாங்க" என்பதுதான். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கண்ணை விலக்கவில்லை. தேர்தல் தடையைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இங்க சாவுக்கு வேட்டு வெப்பாங்களே, அதுக்கும் தடையா மேடம்?"

"இல்லம்மா."

"அப்போ ரெண்டே ரெண்டு. அடுத்தடுத்து." தெருமுனையில் வழிமறித்த அந்த ஆளைக் கூப்பிட்டார். "உங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாப்பா?"

"நானே வெக்கறேன் டீச்சர். மிலிட்டரிக்காரருக்கு வெக்காமயா?"

இடத்தை நான் காட்டினேன். குடிசைகளையும் வலைகளையும் விட்டுத் தள்ளி, வெறும் மணல். பெரியவர் வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார். துப்பாக்கி பிடிக்கிற இரண்டு கைகளும் சும்மா தொங்கின. முதல் வேட்டு வெடித்தது. அது அடங்குவதற்குள் இரண்டாவது. காக்கைகள் கலைந்து பறந்தன. பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் யார் சாவு என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பெரியவர் அவர்கள் வருவதைப் பார்த்தார். அதன் பிறகுதான் உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்த்தார். நானும் தொப்பியோடு போய் ஒரு சல்யூட் வைத்துவிட்டு வந்தேன். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் தேவராஜ், "மேடம், நான் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கணும்" என்றார். "பொருளைக் காட்டுங்க, பேரை வெக்காதீங்க. பேர் வெக்கறதுக்கு ஆள் இருக்கு" என்றேன். சாவடிக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இன்றுவரை நான் சொல்வது அதைத்தான். எது என்று தெரியாத பொருளுக்கு நீங்கள் வாய்தவறி வைக்கும் பெயர், அதை வைத்திருக்கும் மனிதர் தலையில்தான் போய் உட்காரும்.

தேர்தல் முடிந்து பெள்ளியப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். துப்பாக்கி, தோட்டா, தோல் பை, குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். எனக்குக் காப்பித்தூள் கொண்டுவந்திருந்தார். அதை வாங்க முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வேட்டு இங்க இருக்கறவங்களுக்குக் கேட்டுச்சு மேடம். எங்க ஊர்ல யாருக்கும் கேக்கல. எங்கண்ணன் பொறந்த வீட்டு வாசல்ல நின்னு ரெண்டு போட்டுருவேன்."

"தாராளமா போடுங்க சார். அங்க உங்களைக் கேக்க யாரும் இல்ல."

"போட்டதும் உங்களுக்குச் சொல்றேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலை நான் செங்கல்பட்டு கோர்ட்டில் வேறொரு வழக்குக்காக மரத்தடியில் காத்திருந்தபோது அவருடைய எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சு மேடம். ரெண்டும் வெடிச்சுது. ஆளுங்க வந்துகிட்டு இருக்காங்க" என்றார்.